எப்பப் பார்த்தாலும் அவங்களே ஏன் ஜெயிக்கிறாங்க?

 

போன பதிவைப் படித்துவிட்டு, "டீச்சர், அடுத்தது எந்த ஊர் வரலாறு?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இந்த முறை ஊர் வரலாறு இல்லை. கார்ப் பந்தய வரலாறு. சிரிக்க வேண்டாம். உங்கள் டீச்சருக்கு ஃபார்முலா ஒன் தெரியும் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. செட்டிபாளையம் பக்கம் வேலை பார்த்தவள் நான். கரி மோட்டார் ஸ்பீட்வே வந்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை சிறப்பு வகுப்பு வைத்தால் பந்தய வண்டிச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தித்தான் பாடம் நடத்த வேண்டும். வீட்டிலோ, லேத் பட்டறையில் வேலை பார்த்த மனுஷர். காலமாகிவிட்ட எங்கள் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன். அவருக்கு எஞ்சின் என்றால் உயிர். நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னுக்குப் போன வருஷத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு டிவியில் சீரியல் ஓடாது, கார்தான் ஓடும்.

இப்போது எழுதக் காரணம், அரையாண்டு விடுமுறைக்கு வந்திருக்கும் மகள் வழிப் பேரன். ஏழாம் வகுப்பு. செல்போனில் பழைய பந்தயக் கணக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று கேட்டான்:

"அம்மிச்சி, 2023-ல 22 ரேஸு. அதுல ஒரே ஆளு 19 ஜெயிச்சிருக்கான். அப்புறம் மத்தவங்கெல்லாம் எதுக்கு வண்டி ஓட்டுறாங்க? எப்பப் பார்த்தாலும் அவங்களே ஏன் ஜெயிக்கிறாங்க?"

நல்ல கேள்வி. வகுப்பில் இப்படிக் கேட்டால் நான் உட்கார வைக்க மாட்டேன், கரும்பலகைக்கு வரச் சொல்வேன். அவனுக்கு இரண்டு நாள் சொன்ன பதிலை உங்களுக்கும் எழுதுகிறேன். கடைசியில் என் சொந்தக் கணக்கு ஒன்றும் பாக்கி இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். "அந்தக் காலத்தில் எல்லோரும் சமமாக ஓட்டினார்கள், இப்போதுதான் கெட்டுப்போய்விட்டது" என்று சிலர் சொல்வார்கள். அது உண்மை இல்லை.

உலக சாம்பியன் பட்டத்துக்கான முதல் பந்தயம் 1950 மே 13-ல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் நடந்தது. அது இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமானத் தளம். (நம் சென்னைக்குப் பக்கத்தில் சோழவரத்தில் பந்தயம் விட்ட இடமும் அப்படி ஒரு பழைய விமான ஓடுதளம்தான்.) அன்று முதல் மூன்று இடமும் ஆல்ஃபா ரோமியோ வண்டிகளுக்கே. அந்த வருஷம் கணக்கில் இருந்த 7 பந்தயங்களில் 6-ஐ அந்தக் கம்பெனியே ஜெயித்தது. மீதி ஒன்று அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் 500. அதற்கு ஆல்ஃபா ரோமியோ போகவே இல்லை.

1951 முடிவில் ஆல்ஃபா விலகிக்கொண்டது. போட்டிக்குப் போதுமான வண்டிகளே இல்லை. அதனால் 1952-லும் 1953-லும் சிறிய வண்டிகளுக்கான இரண்டாம் நிலை விதிப்படி சாம்பியன் பட்டப் பந்தயம் நடத்தினார்கள். அப்போது ஃபெராரியின் முறை. 1952-ல் ஐரோப்பாவில் நடந்த 7 பந்தயங்களும் ஃபெராரிக்கே. அதில் 6 அஸ்காரி என்ற ஒரே ஓட்டுநருக்கு. 1954, 1955-ல் மெர்சிடிஸ் வந்தது, ஜெயித்தது. 1955 ஜூனில் லெ மான் பந்தயத்தில் வண்டி பார்வையாளர் கூட்டத்துக்குள் பாய்ந்து 80-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வருஷ முடிவில் மெர்சிடிஸ் பந்தயத்தை விட்டே போனது.

ஆக, வலுத்தவன் ஜெயிப்பது பிறவியிலேயே இருக்கும் குணம். ஆனால் நடுவில் ஒரு காலம் வேறு மாதிரி இருந்தது. அதைத்தான் பேரனுக்கு விரிவாகச் சொன்னேன்.

1967-ல் காஸ்வொர்த் என்ற சிறிய ஆங்கிலேயக் கம்பெனி, ஃபோர்டு கொடுத்த 1,00,000 பவுண்ட் பணத்தில் ஓர் எஞ்சின் செய்தது. டிஎஃப்வி என்று பெயர். கீத் டக்வொர்த் என்பவர் வடிவமைத்தார். ஹாலந்தின் ஸாண்ட்வோர்ட்டில் லோட்டஸ் வண்டியில் பொருத்தி ஜிம் கிளார்க் ஓட்டினார். முதல் பந்தயத்திலேயே வெற்றி.

இங்கேதான் முக்கியமான திருப்பம். அந்த எஞ்சினை லோட்டஸுக்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் இன்னொரு ஆல்ஃபா ரோமியோ கதையாக முடிந்திருக்கும். ஆனால் 1968 முதல் அதை மற்ற அணிகளுக்கும் விற்றார்கள். பணம் கொடுத்தால் யாரும் வாங்கலாம். கியர்பாக்ஸையும் கடையில் வாங்கலாம். எஞ்சின் செய்யத் தொழிற்சாலை வேண்டியதில்லை. நல்ல சேஸியும் நல்ல ஓட்டுநரும் இருந்தால் போதும்.

விளைவைப் பாருங்கள். கென் டைரெல் என்பவர் மர வியாபாரி. அவருடைய அணி மரக்கிடங்கில் இருந்துதான் வேலை செய்தது. அந்த மரக்கிடங்கு வண்டியில் ஜாக்கி ஸ்டூவர்ட் 1971-லும் 1973-லும் உலக சாம்பியன் ஆனார். ஃப்ராங்க் வில்லியம்ஸ் என்பவருக்கு ஆரம்பத்தில் ஆபீஸ் டெலிபோன் கட்டணம் கட்டக்கூடக் காசில்லை. தெருமுனை டெலிபோன் பூத்திலிருந்து வியாபாரம் பேசியவர். 1980-ல் அவர் அணியின் ஆலன் ஜோன்ஸ் உலக சாம்பியன். டிஎஃப்வி எஞ்சின் 1983 வரை மொத்தம் 155 வெற்றிகள் பெற்றது.

எங்கள் வீட்டுக்காரர் இதைச் சொல்லும்போது முகமே மலர்ந்துவிடும். "பட்டறைக்காரன் ஃபேக்டரிக்காரனை ஜெயிச்ச காலம் அது" என்பார்.

1982-ஐ உச்சம் என்று சொல்லலாம். 16 பந்தயங்களில் 11 வெவ்வேறு ஓட்டுநர்கள் ஜெயித்தார்கள். சாம்பியன் ஆன கேகே ரோஸ்பெர்க் ஜெயித்தது ஒரே ஒரு பந்தயம். ஆனால் முழுதும் சொல்ல வேண்டும் அல்லவா? அதே வருஷம் ஜில் வில்நவ், ரிக்கார்டோ பலெட்டி என்ற இரண்டு ஓட்டுநர்கள் பந்தய வாரங்களில் உயிரிழந்தார்கள். பார்ப்பவர்களுக்கு விறுவிறுப்பான காலம் ஓட்டுபவர்களுக்கு நல்ல காலமாக இருக்கவில்லை.

பிறகு டர்போ எஞ்சின்கள் வந்தன. ரெனோ, ஃபெராரி, பிஎம்டபிள்யூ, ஹோண்டா என்று பெரிய கம்பெனிகள் கையில் ஆட்டம் போனது. 1988-ல் மெக்லாரன்-ஹோண்டா 16-ல் 15 ஜெயித்தது. சென்னா 8, ப்ரோஸ்ட் 7. விட்டது இத்தாலியின் மோன்ஸா மட்டும். முன்னால் போய்க்கொண்டிருந்த சென்னா, ஒரு பின்தங்கிய வண்டியை ஒரு சுற்று தாண்டும்போது மோதிக்கொண்டார். ஃபெராரியின் பெர்கர் ஜெயித்தார். கம்பெனியை நிறுவிய என்ஸோ ஃபெராரி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இத்தாலிக்காரர்கள் அதைத் தெய்வச் செயல் மாதிரி கொண்டாடினார்கள்.

இந்த "பின்தங்கிய வண்டி" என்பதைக் கவனத்தில் வையுங்கள். பின்னால் அதற்குத்தான் வருகிறேன்.

அடுத்து 2002. என் வகுப்பாக இருந்தால் இதைக் கூட்டல் கணக்காகவே கொடுத்திருப்பேன். அந்த வருஷம் அணிகள் எடுத்த புள்ளிகள்: வில்லியம்ஸ் 92, மெக்லாரன் 65, ரெனோ 23, ஸாபர் 11, ஜோர்டன் 9, ஜாகுவார் 8, பிஏஆர் 7, மினார்டி 2, டொயோட்டா 2, ஆரோஸ் 2. கூட்டிப் பாருங்கள், 221 வரும். ஃபெராரி தனியாக எடுத்த புள்ளி எவ்வளவு? அதுவும் 221. பத்து அணிகள் ஒரு பக்கம், ஓர் அணி மறுபக்கம், தராசு சமமாக நின்றது! 17 பந்தயங்களில் 15 ஃபெராரிக்கு. ஷூமேக்கர் ஜூலை மாதமே, ஆறு பந்தயங்கள் பாக்கி இருக்கும்போதே, சாம்பியன்.

அதிலும் மே மாதம் ஆஸ்திரியாவில் நடந்ததுதான் பலருக்கும் வயிற்றெரிச்சல். முன்னால் வந்துகொண்டிருந்த பாரிக்கெல்லோவுக்கு, அதே அணியின் ஷூமேக்கருக்கு வழிவிடும்படி உத்தரவு. கடைசி நேர்ச்சாலையில், கோட்டுக்கு முன்னால், வேகத்தைக் குறைத்து விட்டுக்கொடுத்தார். கூட்டம் கூச்சலிட்டது. ஷூமேக்கரே வெட்கப்பட்டுப் பாரிக்கெல்லோவை முதல் படியில் ஏற்றினார். பரிசளிப்பு முறையை மீறியதற்காக 10 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள்.

"சரி அம்மிச்சி, ஏன் ஒரே அணி ஜெயிக்குது?" என்று விடாமல் கேட்டான் பேரன். மூன்று காரணம் சொன்னேன்.

ஒன்று, பணம். ஃபெராரிக்கு ஃபியோரானோவில் சொந்தப் பந்தயச் சாலையே உண்டு. அப்போது சோதனை ஓட்டத்துக்கு இன்று இருப்பது போன்ற கட்டுப்பாடு இல்லை. மற்றவர்கள் பரீட்சைக்கு ஒருமுறை படித்தால் அவர்கள் பத்துமுறை எழுதிப் பார்த்துவிட்டு வந்தார்கள். பருவத்துக்கு நடுவே சோதனை ஓட்டம் தடை செய்யப்பட்டது 2009-ல்தான். அது மட்டும் இல்லை. ஜெயிக்கிற அணிக்குப் பரிசுப் பங்கு அதிகம், விளம்பரம் அதிகம், அதனால் அடுத்த வருஷம் செலவு செய்யப் பணமும் அதிகம். நீண்ட காலம் இருக்கும் அணி என்பதற்காகவே ஃபெராரிக்குத் தனிப் பங்கு வேறு. வட்டிக்கு வட்டி மாதிரி முன்னால் இருப்பவன் இன்னும் முன்னால் போவான்.

இரண்டு, காற்று. பந்தய வண்டியின் இறக்கைகள் விமானத்துக்கு நேர்மாறாக, வண்டியைச் சாலையோடு அழுத்திப் பிடிக்கும். வளைவில் வேகமாகத் திரும்ப அந்த அழுத்தம் தேவை. ஆனால் முன்னால் போகும் வண்டி காற்றைக் கலக்கிவிட்டுப் போகும். பின்னால் நெருங்கி வரும் வண்டிக்குக் கலங்கிய காற்றுதான் கிடைக்கும். 2021 வரை இருந்த வண்டிகள் மிக நெருங்கி வரும்போது ஏறக்குறைய பாதி அழுத்தத்தை இழந்துவிடும். வேகம் இருந்தும் தாண்ட முடியாது. முதலில் போகிறவனுக்குத்தான் சுத்தமான காற்று.

மூன்று, விதி. ஒவ்வொரு முறை விதியை மாற்றும்போதும் எவனோ ஒருவன் மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்கிறான். 2014-ல் 1.6 லிட்டர் வி6 டர்போ ஹைபிரிட் எஞ்சின் வந்தது. மெர்சிடிஸ் டர்போவின் இரண்டு பாகங்களைப் பிரித்து, ஒன்றை எஞ்சினுக்கு முன்னும் மற்றொன்றைப் பின்னும் வைத்தது. மற்றவர்கள் பார்த்து எழுதலாம் என்றால், எஞ்சினை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று கட்டுப்பாடு. செலவைக் குறைக்கப் போட்ட விதி, முன்னால் இருந்தவனுக்கே பூட்டுச் சாவியாகிவிட்டது. 2014-ல் 19-க்கு 16, 2015-ல் 19-க்கு 16, 2016-ல் 21-க்கு 19. 2014 முதல் 2021 வரை எட்டு வருஷமும் அணிப் பட்டம் மெர்சிடிஸுக்கே.

விதி வைத்து ஜெயிப்பவனைத் தடுக்கப் பார்த்த கதைகளும் உண்டு. 2003-ல் புள்ளி முறையை மாற்றினார்கள். 2005-ல் பந்தயத்தின் நடுவே டயர் மாற்றக் கூடாது என்றார்கள். ஃபெராரி சறுக்கியது. அந்த வருஷம் ஃபெராரி ஜெயித்தது ஒரே ஒரு பந்தயம். அந்த ஒரு பந்தயம்தான் நம் கோயம்புத்தூர்க்காரருக்கும் முக்கியமான நாள்.

நரேன் கார்த்திகேயன் முதன்முதலில் ஓட்டிய பந்தயம் ஸ்ரீபெரும்புதூர்ச் சாலையில் ஃபார்முலா மாருதி. அதிலேயே முதல் மூன்று இடத்துக்குள் வந்தார். அந்த மாருதி பந்தய வண்டியைச் செய்தவர் நம் ஊர் கரிவரதன். அவர் பெயரில்தான் செட்டிபாளையம் சாலை இருக்கிறது. எல்லோருக்கும் ஒரே மாதிரி மாருதி எஞ்சின், ஒரே மாதிரி வண்டி. யார் நன்றாக ஓட்டுகிறார்களோ அவர்கள் முன்னால். பணம் குறைவாக இருந்த நம் ஆட்களுக்கு அது நம் ஊர் டிஎஃப்வி.

அப்படி வந்த பையன் 2005 மார்ச்சில் மெல்போர்னில் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஆனார், ஜோர்டன் அணியில். வரிசையில் பின்னால் இருந்த, விலைக்குக் கைமாறிய அணி. ஜூன் 19, இண்டியானாபொலிஸ். அந்தச் சாலையின் சாய்வான வளைவில் மிஷலின் டயர்கள் தாங்கவில்லை. பாதுகாப்பில்லை என்று மிஷலின் சொல்லிவிட்டது. சமரசம் எட்டவில்லை. வண்டிகள் அணிவகுப்புச் சுற்று வந்தன. அது முடிந்ததும் 14 மிஷலின் வண்டிகள் பிட்டுக்குள் போய்விட்டன. பந்தயத்தில் நின்றது ஆறே வண்டி: ஃபெராரி இரண்டு, ஜோர்டன் இரண்டு, மினார்டி இரண்டு. ஷூமேக்கர் முதல், பாரிக்கெல்லோ இரண்டு, ஜோர்டனின் மொன்டெய்ரோ மூன்று, நரேன் நான்கு. இந்தியருக்கு 5 புள்ளிகள்.

அமெரிக்க ரசிகர்கள் காசு கொடுத்து ஏமாந்த கோபத்தில் பாட்டிலை வீசினார்கள். எங்கள் வீட்டில் கைதட்டல். நான் கேட்டேன், "ஏனுங்க, நம்ம பையன் இத்தனை நாள் ஏன் பின்னாடியே வந்தான்? கொஞ்சம் முயற்சி பண்ணி அழுத்தி ஓட்டக்கூடாதா?"

அவர் டிவியிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னார்: "அந்த வண்டி அவ்வளவுதான் போகும். அவன் அழுத்தாம இல்லை."

இந்த வாக்கியத்தை நான் மறக்கவில்லை. காரணம் பின்னால்.

அடுத்த பகுதிதான் எனக்கு மிகவும் மனதைச் சுட்டது. 2009-ல் அணிகள் செலவு செய்ய உச்சவரம்பு வைக்கலாம் என்று கார்ப் பந்தயங்களின் உலக அமைப்பான எஃப்ஐஏ திட்டமிட்டது. 4 கோடி பவுண்ட் வரம்பு. "இனி சிறியவர்களும் வரலாம்" என்ற நம்பிக்கையில் புதிய அணிகள் விண்ணப்பித்தன. பெரிய அணிகள் எதிர்த்தன. தனியாகப் போய் வேறு பந்தயம் நடத்துவோம் என்று மிரட்டின. வரம்பு கைவிடப்பட்டது. ஆனால் புதிய அணிகள் வந்துவிட்டன. கல்யாணத்துக்குக் கூப்பிட்டுவிட்டுப் பந்தியில் இலை போடாத கதை.

அதில் ஒன்று ஹிஸ்பானியா, சுருக்கமாக எச்ஆர்டி. நம் தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் இருவரும் அதில்தான் ஓட்டினார்கள். சென்னையின் கருண் சந்தோக் 2010-ல் பஹ்ரைனில் அறிமுகமானார். அவருடைய வண்டி பயிற்சி நேரம் முடியும்வரை தயாராகவே இல்லை. அந்த வண்டியை அவர் முதன்முதலாகச் சாலையில் ஓட்டியதே தகுதிச் சுற்றில்தான். புத்தகமே கொடுக்காமல் நேராகப் பரீட்சை ஹாலில் உட்கார வைத்தது போல.

2011-ல் நரேன் அந்த அணிக்கு வந்தார். அப்போது ஒரு விதி: முதல் தகுதிச் சுற்றின் மிக வேகமான நேரத்தில் 107 சதவீதத்துக்குள் வராவிட்டால் பந்தயத்தில் இடமில்லை. 2011-லும் 2012-லும் பருவத்தின் முதல் பந்தயமான ஆஸ்திரேலியாவில் எச்ஆர்டியின் இரண்டு வண்டிகளும் அந்த வரம்பைத் தொடவில்லை. அவ்வளவு தூரம் போய் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். 2011 அக்டோபரில் கிரேட்டர் நொய்டாவில் முதல் இந்தியப் பந்தயம் நடந்தபோது நரேன் சொந்த மண்ணில் 17-வதாக வந்தார். ஜெயித்தவர் வெட்டல். 2012-லும் அங்கே வெட்டல், 2013-லும் வெட்டல். மூன்று வருஷத்தில் இந்தியா பார்த்தது ஒரே வெற்றியாளரை.

2012 மார்ச், மலேசியா. மழை கொட்டியது. முழு மழை டயரோடு தொடங்கியதால், பந்தயம் நிறுத்தப்பட்டபோது நரேன் 10-வது இடத்தில் இருந்தார். அந்த வண்டியில்! மழை வந்தால் பணக்காரனும் ஏழையும் கொஞ்ச நேரம் ஒன்றாகிறார்கள். சாலை காய்ந்ததும் பழையபடி பின்னால். பிறகு ஒரு சுற்று முன்னால் வந்த வெட்டல் தாண்டும்போது உரசல். வெட்டலின் டயர் கிழிந்து, புள்ளியில்லாமல் 11-வதாக முடித்தார். கோபத்தில் நரேனை வெள்ளரிக்காய் என்றார். ஜெர்மன்காரர்கள் தத்தி ஓட்டுநரைத் திட்டும் வார்த்தையாம் அது. நடுவர்கள் நரேனுக்கு 20 வினாடி தண்டனையும் கொடுத்தார்கள். அதையும் சொல்லிவிடுகிறேன், ஒருதலைப்பட்சமாக எழுதக் கூடாது.

ஆனால் எனக்கு ஒன்று தோன்றியது. முதல் இடத்தில் போகிறவனுக்குப் பார்க்க வேண்டியது முன்னால் உள்ள சாலை ஒன்றுதான். கடைசியில் வருகிறவன் தன் தளர்ந்த வண்டியையும் பிடித்துக்கொண்டு, கண்ணாடியில் வரும் எல்லோருக்கும் வழியும் விட வேண்டும். நீலக்கொடி காட்டினால் ஒதுங்க வேண்டும். கடைசி பெஞ்சுக்காரன் வேலை சுலபம் என்று நினைப்பது நம் அறியாமை.

2012 முடிவில் எச்ஆர்டி மூடப்பட்டது. மூன்று வருஷத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்ட அந்தச் செலவு வரம்பு வந்தது எப்போது தெரியுமா? 2021-ல். அணி செத்து எட்டு வருஷம் கழித்து.

அந்த வரம்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021-ல் வருஷத்துக்கு 14.5 கோடி டாலர், பிறகு 14 கோடி, பிறகு 13.5 கோடி என்று அடிப்படை. விலைவாசிக்கு ஏற்பச் சிறிது கூடும். ஓட்டுநர் சம்பளமும் விளம்பரச் செலவும் இதில் சேராது. கூடவே எனக்கு மிகவும் பிடித்த விதி ஒன்று: காற்றியல் சோதனைக்கு இறங்குவரிசை. அதாவது விண்ட் டனலில் வண்டியைச் சோதிக்கும் நேரம் முதலிடத்துக்கு 70 சதவீதம்தான். அடுத்தடுத்த இடங்களுக்கு ஐந்து ஐந்தாகக் கூடி, பத்தாம் இடத்துக்கு 115 சதவீதம். மெல்லக் கற்கும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குவது போல. 2022-ல் வண்டி வடிவத்தையும் மாற்றி, பின்னால் வருபவனுக்குக் காற்று கலங்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

உடனே பலித்ததா? இல்லை. 2021 கணக்கில் ரெட்புல் வரம்பைத் தாண்டிச் செலவு செய்தது தெரிந்து, 70 லட்சம் டாலர் அபராதமும் சோதனை நேரத்தில் 10 சதவீத வெட்டும் விதித்தார்கள். ஆனால் அந்தத் தண்டனையோடும் ரெட்புல் 2023-ல் 22-ல் 21 ஜெயித்தது. வெர்ஸ்டாப்பன் 19, அதில் தொடர்ந்து 10. சிங்கப்பூரில் மட்டும் ஃபெராரியின் சைன்ஸ். வெர்ஸ்டாப்பன் தனியாக 575 புள்ளிகள். இரண்டாவது வந்த மெர்சிடிஸ் அணியின் இரண்டு ஓட்டுநர்களும் சேர்ந்து 409. என் பேரனைக் கேள்வி கேட்க வைத்த வருஷம் அதுதான்.

ஆனால் விதைத்தது முளைக்கக் கொஞ்ச காலம் ஆகும். அதே 2023 தொடக்கத்தில் வரிசையின் பின்னால் கிடந்த மெக்லாரன், 2024-ல் 14 புள்ளி வித்தியாசத்தில் ஃபெராரியை முந்தி அணிப் பட்டம் வாங்கியது. 1998-க்குப் பிறகு முதல்முறை. அந்த வருஷம் ஏழு ஓட்டுநர்கள் ஆளுக்கு இரண்டு பந்தயமாவது ஜெயித்தார்கள். 2025-ல் ஓட்டுநர் பட்டம் கடைசிப் பந்தயம் வரை இழுத்து, நாரிஸுக்கும் வெர்ஸ்டாப்பனுக்கும் இடையே இரண்டே புள்ளியில் முடிந்தது.

2026-ல் மறுபடியும் எல்லா விதிகளும் மாறுகின்றன. சக்தியில் ஏறக்குறைய பாதி மின்சாரத்திலிருந்து. பழைய கணக்குப்படி பார்த்தால் எவனோ ஒருவன் முன்னால் ஓடிவிடலாம். ஆனால் இந்த முறை செலவு வரம்பும் இறங்குவரிசையும் கூடவே இருக்கின்றன. பார்ப்போம்.

"அப்ப எல்லாருக்கும் ஒரே கார் கொடுத்துட்டா முடிஞ்சுதே?" என்றான் பேரன். அமெரிக்காவின் இண்டிகாரில் ஏறக்குறைய அப்படித்தான், சேஸி எல்லோருக்கும் டல்லாரா கம்பெனியுடையது. ஆனால் ஃபார்முலா ஒன் என்பது வண்டி செய்பவர்களின் போட்டியும்கூட. டக்வொர்த் போன்றவர்களின் மூளையையும் அல்லவா அங்கே பார்க்கிறோம்? எல்லாவற்றையும் ஒன்றாக்கினால் அது போய்விடும். அதனால் என் கட்சி இதுதான்: கெட்டிக்காரன் ஜெயிக்கட்டும். ஆனால் நேற்று ஜெயித்ததையே முதலாக வைத்து நாளையும் ஜெயிக்கும்படி இருக்கக் கூடாது. பின்னால் நிற்பவன் கையில் கருவியாவது இருக்க வேண்டும்.

இப்போது என் பாக்கிக் கணக்கு.

1990-களில் எட்டாம் வகுப்பில் ஒரு பையன். பெயர் வேண்டாம். நம் பள்ளியில் 100 மீட்டரில் அவனை யாரும் தொட முடியாது. குறுவட்ட விளையாட்டுப் போட்டிக்கு நான்தான் கூட்டிப்போனேன். அங்கே மற்றப் பையன்கள் ஸ்பைக் ஷூ போட்டு, பயிற்சியாளரோடு வந்திருந்தார்கள். நம் பையன் வெறுங்கால். சுடுகிற கப்பி மண். ஆறாவதாக வந்தான். திரும்பி வரும் பஸ்ஸில் நான் கேட்டேன்: "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணியிருந்தா ஜெயிச்சிருக்கலாமில்ல? பள்ளிக்கூடத்துப் பேரைக் கெடுத்துட்டியே."

அவன் பதில் சொல்லவில்லை. இறங்கும்போதுதான் பார்த்தேன், குதிகால் தோல் உரிந்திருந்தது. அதன்பிறகு அவன் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. "முயன்றால் முடியாதது இல்லை" என்று கரும்பலகையில் தினமும் எழுதிப் போட்டவள் நான். யார் காலில் என்ன இருந்தது என்று குனிந்து பார்க்கவில்லை.

2005-ல் "அவன் அழுத்தாம இல்லை" என்று எங்கள் வீட்டுக்காரர் சொன்னபோது எனக்கு அந்தக் குதிகால்தான் ஞாபகம் வந்தது. அவரிடம்கூட இதைச் சொன்னதில்லை.

அந்தப் பையன் இன்று வெல்டிங் பட்டறை வைத்து நாலு பேருக்கு வேலை கொடுக்கிறான். என் பதிவுகளுக்கெல்லாம் தவறாமல் ஒரு கும்பிடு போடுவான். இதையும் படிப்பான். கண்ணு, அன்றைக்கு நீ முயற்சி செய்யாமல் இல்லை. டீச்சர் சொன்னது தப்பு. இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறேன், மன்னித்துவிடு.

மற்ற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நம் பள்ளிப் பிள்ளைகள் இந்த வருஷமும் குறுவட்டப் போட்டிக்குப் போவார்கள். தலைமை ஆசிரியரிடம் பேசினேன். 4-ம் நம்பர் முதல் 8-ம் நம்பர் வரை, அளவுக்கு நான்கு ஜோடி ஸ்பைக் ஷூ வாங்கிப் பள்ளியில் பொதுவாக வைத்துவிட்டால் வருஷா வருஷம் எல்லோரும் போட்டுக்கொள்ளலாம். மொத்தம் இருபது ஜோடி. முதல் நான்கு ஜோடி என் பென்ஷனில். முடிந்தவர்கள் பள்ளிக்கே நேரில் போய் வாங்கிக் கொடுங்கள், பணமாக யாரிடமும் தர வேண்டாம்.

ஷூ போட்டால் ஜெயித்துவிடுவார்களா என்று கேட்காதீர்கள். ஆறாவதாகவே வரட்டும். ஆனால் ஏன் ஆறாவது என்று கேட்கும்போது, ஓடியவனைத் தவிர வேறு எதையும் காரணம் காட்ட முடியாதபடி இருக்கட்டும்.

பேரன் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மிச்சி, போஸ்ட் ரொம்ப நீளம், யாரும் படிக்க மாட்டாங்க" என்கிறான். என் பிள்ளைகள் படிப்பார்கள் என்று சொல்லியிருக்கிறேன். என் மானத்தைக் காப்பாற்றுங்கள். சோழவரத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போய்ப் பந்தயம் பார்த்தவர்கள் இருந்தால் உங்கள் நினைவுகளைக் கீழே எழுதுங்கள். புள்ளிக் கணக்கில் நான் தவறியிருந்தால் தயங்காமல் திருத்துங்கள். திருத்தினால் டீச்சர் அடிக்க மாட்டேன்.

எல்லோரும் நல்லா இருங்க சாமிகளா. வண்டி ஓட்டும்போது ஹெல்மெட் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்